மூன்றாவது இழை

நல்லகாமன் தேர்மேல் ஏறி நிற்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை நான் மட்டும் மூடி வைத்து என்ன ஆகப் போகிறது? அவன் என் மனைவி சோலையம்மாளின் கூடப்பிறந்த அண்ணன், என்னைவிட எட்டு வயது மூத்தவன். முகத்துக்கு நேரே "வாங்க மச்சான்" என்பேன். மனசுக்குள் அவன் இவன்தான். இங்கேயும் அப்படியே வருகிறது, இருக்கட்டும்.

எங்கள் செவ்வந்திப்பட்டி ஒத்தக்கடையிலிருந்து கிழக்கே மூன்று மைல். ஊர் சின்னது, அம்மன் தேர் பெரியது. பங்குனியில் நாலு தெருவையும் சுற்றி வரும். முன்னூறு பேர் வடம் பிடிப்பார்கள். அவர்களுக்கு இழுக்கத்தான் தெரியும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் நாங்கள் மூன்று பேர். முன்சக்கரம் இரண்டுக்கும் பக்கத்துக்கு ஒரு ஆள், கையில் வாகை மரக் கட்டையோடு ஓட வேண்டும். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சொருகினால் சக்கரம் அதில் மோதித் தயங்கும், தேர் அந்தப் பக்கம் திரும்பும். வலது சக்கரம் என்னுடையது. இடது சக்கரம் காளையுடையது. பின்னால் நெம்புதடியோடு மொக்கையன்.

சக்கரத்தடியில் குனிந்து கிடப்பவனுக்குத் தெரு தெரியாது, வடம் தெரியாது. தேரின் முன்தட்டில் நிற்கிறவன் கையிலுள்ள சிவப்புத் துண்டு ஒன்றுதான் தெரியும். துண்டு வலது பக்கம் சாய்ந்தால் நான் சொருகுவேன், இடது பக்கம் சாய்ந்தால் காளை சொருகுவான். துண்டு நிமிர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அரை மூச்சு தாமதித்தால் கட்டையோடு கையும் போகும். அந்தத் துண்டு பன்னிரண்டு வருஷமாக நல்லகாமன் கையில் இருந்தது.

எனக்கு வந்திருக்க வேண்டிய துண்டு அது. பழைய ஆள் இறந்ததும் ஊருக்குத் தலைவரான அம்பலம் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு பார்வை பார்த்தார். "தவசி குட்டை. மேல நின்னா வடம் பிடிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது" என்றார். அவ்வளவுதான் விசாரணை. தெருவின் மேடு பள்ளம் யாருக்குத் தெரியும், எந்த முனையில் எத்தனை தப்படிக்கு முன்னால் கட்டை போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தேர் நிலைக்கு வந்ததும் அவனுக்குப் பட்டுப் பரிவட்டம், மாலை, பெண்டுகளின் ஆரத்தி. நான் சக்கரத்தடியிலிருந்து எழுந்து புழுதியைத் தட்டிக்கொள்வேன். என் சொந்த மகள் தெருவில் நின்று "எங்க மாமா!" என்று அவனைக் காட்டிக் குதிப்பாள்.

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தேருக்கு ஏழு நாள் முன்னால் காப்புக் கட்டு. அன்றைக்குத் துண்டுக்காரன் கையை நீட்டுவான்; நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மஞ்சள் இழையை அவன் மணிக்கட்டில் கட்டுவோம். எங்கள் உயிர் அவன் கையில் இருப்பதால் எங்கள் சம்மதம் வேண்டும் என்று முன்னோர் வைத்த ஏற்பாடு. மூன்றில் ஒரு இழை குறைந்தாலும் அவன் ஏற முடியாது. ஆனால் கட்ட மறுத்தவன் ஆயுசுக்கும் துண்டைத் தொடக் கூடாது. ஆசைக்காக எவனும் மறுத்துவிடக் கூடாதே என்று அதையும் யோசித்து வைத்திருந்தார்கள். யாரும் மறுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பன்னிரண்டு வருஷமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன்.

யுத்தம் ஆரம்பித்த வருஷத்துக்கு முந்தின பங்குனியில் தெற்குத் தெரு வளைவில் அது நடந்தது. தெற்குத் தெரு அரிவாள் மாதிரி வளைந்த தெரு. இடதும் வலதுமாகக் கட்டையை மாற்றி மாற்றிப் போட வேண்டும். தேர் இறங்குமுகமாக வந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து நல்லகாமன் கத்தினான்.

"பேயாண்டி! எடுறா கைய!"

பேயாண்டி காளையின் அண்ணன். அவனுக்கு முன்னால் இடது சக்கரம் பார்த்தவன். அதற்கு முந்தின வருஷமே காலராவில் போய்விட்டான். செத்த அண்ணன் பேரைக் கேட்டுக் காளை அண்ணாந்து பார்த்தான். அந்த நேரத்தில் அவன் ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கிப் போனது.

ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பியைப் பார்த்து அண்ணன் பேர் வாயில் வருவது சகஜம்தானே என்றார்கள். காளை கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டி, "எங்கண்ணன அவரு இன்னும் மறக்கல பாத்தியளா" என்று கண் கலங்கினான். நான் மட்டும் அதை விடவில்லை. யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ அவனை நாம் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்போம் அல்லவா? நானும் அன்றிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒத்தக்கடை சந்தையிலிருந்து வந்த மனுஷன் ஊர்ப் பாதையை விட்டுவிட்டு யானைமலை அடிவாரம் நோக்கி நடந்தான். "எங்க மச்சான் போறீக?" என்றால், "ஒரு ஆளப் பாக்கணும்" என்று திரும்பி வந்தான். மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன என் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். ஒரு நாள் மத்தியான வெயிலில் தன் கடலைக் கொல்லை நடுவே தனியாக நின்று துண்டை வலதும் இடதும் வீசிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு காக்கா கூட இல்லை. வரப்பு மறைவில் நின்று பார்த்த எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்தில் அம்புட்டுச் சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

கையில் ஒரு சாட்சி வேண்டும் என்று மதுரைக்குப் போனேன். கோரிப்பாளையத்தில் தர்காவை ஒட்டின சந்தில் வைத்தியம் பார்க்கும் ஒரு ஹக்கீம் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "பழைய சங்கதியெல்லாம் சரியாச் சொல்றாருல்ல? நேத்துப் பேசினதுதான் நிக்காது. அப்படித்தான் தம்பி, மொதல்ல புதுசு போகும், பொறகு பழசும் போகும். இதுக்கு மருந்து கிடையாது. கூட இருந்து பாத்துக்கங்க. அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"மச்சானுக்காக இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீங்களே. மாஷா அல்லா, நல்ல மனசு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த பங்குனி நெருங்கியது. மொக்கையனையும் காளையையும் களத்துமேட்டுக்கு வரச் சொன்னேன். பார்த்தது, கேட்டது, ஹக்கீம் சொன்னது எல்லாம் சொன்னேன். காளை முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, நீ பன்னெண்டு வருஷமா அந்தத் துண்டையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்னு ஊருக்கே தெரியும். அதுக்காக ஒரு மனுசனப் பைத்தியம்னா சொல்லுவ?"

"ஒன் வெரலு போச்சேடா!"

"அது என் கவனக்கொறவு. அவருமேல பழியப் போடாத."

மொக்கையன் பக்கம் திரும்பினேன். அவன் நல்லவன்தான், ஆனால் அவன் வாயில் ஒரு சொல் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர்க் கிணற்றடி வரை போய்விடும். "நீ இந்த வருசம் இழை கட்ட மறுத்துரு மொக்கையா. ஒனக்குத்தான் துண்டுமேல ஆசையே இல்லையே. ஒனக்கு என்ன நட்டம்?" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நான் மறுக்கணும், நீ ஏறணும். நல்லாத்தான் இருக்கு. அவருக்குப் புத்தி பெசகிருச்சின்னு ஒனக்கு அம்புட்டு நிச்சயமாத் தெரிஞ்சா நீயே மறுக்க வேண்டியதுதான?"

நான் மறுத்தால் துண்டு எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அதற்காகவா நான் ஒரு வருஷம் அவன் பின்னாலேயே அலைந்தேன்?

கடைசியில் மொக்கையன்தான் ஒரு யோசனை சொன்னான். காளைக்குப் பழக்குகிற சாக்கில் நல்லகாமனைச் சோதித்துப் பார்ப்பது என்று. களத்தில் சாம்பலால் நாலு தெருவையும் கோடு இழுத்தோம். ஒரு வெறும் மாட்டுவண்டியை நாலு பேர் தள்ள, நானும் காளையும் சக்கரத்துக்குக் கல் போட, நல்லகாமன் வண்டிமேல் ஏறித் துண்டைப் பிடித்தான். ஒரு முனை தப்பவில்லை. தெற்குத் தெரு வளைவில் இடது, வலது, மறுபடி இடது என்று கோடு மாறாமல் கொண்டுபோனான். அவ்வளவு நேரமும் என்னையே முறைத்துப் பார்த்தான். விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் முறைக்கிறான் என்று நினைத்தேன்.

காளையும் மொக்கையனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று சாயங்காலமே சோலையம்மாள் காதுக்கு அது எட்டிவிட்டது.

"எங்கண்ணனுக்கா புத்தி பெசகிருச்சு? ஒங்களுக்கு வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல. சீனியம்மாளுக்கு ஆனையூர்ல பேச்சு நடக்கு, மாப்ள மதுரை மில்லுல வேல பாக்குது. இந்த நேரத்துல அப்பனுக்குக் கிறுக்குன்னு ஒரு சொல்லு கிளம்பினா அந்தப் புள்ளய எவன் கட்டுவான்? நமக்கு ஒரு பையன் இருந்திருந்தா அவளுக்கு இந்தப் பாடு உண்டா?"

சீனியம்மாள் நல்லகாமனின் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை, எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் இருப்பாள். எனக்கு அவள்மேல் பிரியம் உண்டு. ஆனால் அன்று அவளைப் பற்றி நினைக்கவில்லை. அந்த முறைப்புதான் மனசில் உறுத்தியது. நல்லகாமன் முறைக்கிற ஆள் இல்லை. யாரையும் குனிந்து பார்க்கவே மாட்டான். எதற்காக என்னையே பார்த்தான்?

இரண்டு நாள் கழித்து மத்தியானம், தேர்முட்டியில் அவன் மட்டும் சக்கரத்துக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "மச்சான், தெற்குத் தெரு வளைவு எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்கு. ஒரு தடவ துண்டு போடுங்க, பாத்துக்கிறேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. ஏறி நின்றான். நின்ற தேர் ஓடுவதாக வைத்துக்கொண்டு நான் கட்டையோடு சக்கரத்துக்கு அருகே குனிந்தேன்.

வளைவு தொடங்கும்போது முதலில் இடது. நான் வேண்டுமென்றே வலது தோளைச் சாய்த்தேன். துண்டு வலது பக்கம் சாய்ந்தது. அடுத்தது வலது. நான் தோளை இழுத்துக்கொண்டு இடது பக்கம் ஒதுங்கினேன். துண்டு இடது பக்கம் போனது. பிறகு நான் எழுந்து அசையாமல் நின்றேன். துண்டும் அப்படியே அந்தரத்தில் நின்றது. அவன் என் தோளையே பார்த்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் சாயும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

இருபது வருஷம் ஓடி ஓடித் தெருவின் ஒவ்வொரு கல்லும் என் முழங்காலுக்குத் தெரியும். துண்டு சாய்வதற்கு முன்பே என் தோள் தயாராகச் சாய்ந்துவிடும். அதைப் பார்த்துத்தான் இவன் வீசுகிறான். இத்தனை நாள் தேரை ஓட்டியது நான், பரிவட்டம் இவனுக்கு. எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"என்னையப் பாத்தா மச்சான் வீசுறீக?"

அவன் மெல்ல இறங்கித் தேரின் நிழலில் உட்கார்ந்தான். துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டான்.

"ரெண்டு வருசமாத் தெரு தலையில நிக்கல மாப்ள. மேல ஏறி நின்னா எது தெற்கு, எது மேற்குன்னு ஒண்ணும் வெளங்கல. ஒன் தோள் சாயுற பக்கம் வீசுறேன். அது தப்பாது."

துண்டு இனி யாருக்கு என்பதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. ஆனால் என் வாயில் வந்தது, "காளை வெரலு?" என்பதுதான். என் தோள் சாய்ந்து, அதை இவன் பார்த்து, துண்டு சாய்ந்து, அதைக் காளை பார்ப்பதற்குள் அரை மூச்சு போய்விடும். வலது பக்கம் எனக்குத் தாமதமே இல்லை. போவதெல்லாம் இடது பக்கத்து ஆளின் கைதான். இந்த வருஷம் விரலோடு நிற்காது.

"தெரியும் மாப்ள" என்று அவன் அழுதான். "எறங்கிரணும்னு நெனைக்கிறேன். ஏன் எறங்குறன்னு கேட்டா என்ன சொல்ல? ஆனையூர்க்காரக காப்புக் கட்டுக்கு வாராக. மக கல்யாணம் முடியுற வரைக்கும் இது வெளிய தெரியக் கூடாது. ஒன் கையப் பிடிச்சுக் கேக்குறேன்."

யோசித்துச் சொன்னேன். "முட்டி வலின்னு சொல்லுங்க. அம்புட்டு ஒசரம் ஏறி நிக்க முடியலன்னு சொல்லுங்க. ஒரு வயசுக்கு மேல யாருக்கும் வாரதுதான்."

அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அதான் சரி. முட்டி வலி. துண்ட ஒங்கிட்டக் குடுக்கச் சொல்லி நானே அம்பலத்துக்கிட்டச் சொல்றேன். ஒன்னவிட்டா யாருக்கு மாப்ள அந்தத் தெரு தெரியும்?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சோலையம்மாளிடம் கூட. காப்புக் கட்டுக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் கால் தரையில் பாவவில்லை. கிணற்றடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தோள்துண்டை எடுத்து வீசிப் பார்த்தேன். குட்டைக்கு என்ன, காலடியில் ஒரு பலகை போட்டுக்கொண்டால் போயிற்று என்று பலகை கூடத் தேடி வைத்துவிட்டேன்.

காப்புக் கட்டு அன்று காலையில் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. ஆனையூர்க்காரர்கள் முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை மீசையும் சரிகைத் தலைப்பாகையுமாக நடுவில் இருந்தார். பெண்டுகள் பக்கத்தில் சீனியம்மாள் புதுச் சேலையில் தலை குனிந்து நின்றாள். நல்லகாமன் குளித்து, விபூதி பூசி, சிங்கம் மாதிரி நடந்து வந்தான்.

அம்பலம் வழக்கப்படி கேட்டார். "நல்லகாமா, தேர்ல ஏறத் தயாரா?"

இப்போது முட்டி வலி என்று சொல்லப் போகிறான். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"தயார்!" என்று கணீரென்று சொல்லிக் கையை நீட்டினான்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், ஒன்றுமே நடக்காத மாதிரி. ஏமாற்றிவிட்டான்! மூன்று நாளும் என்னைக் கனவு காண வைத்துவிட்டு, ஊர் முன்னால் கையை நீட்டி நிற்கிறான். என் தோளில் இன்னொரு வருஷம் சவாரி செய்யப் போகிறான்.

மொக்கையன் முதல் இழையைக் கட்டினான். காளை இரண்டாவது இழையை எடுத்தான். நுனி போன விரலால் முடிச்சுப் போட வராமல் தடுமாறி, பல்லால் கடித்து இறுக்கி, நல்லகாமன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தான். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நாள் கழித்து அந்தக் கை இருக்குமா?

பூசாரி மூன்றாவது இழையை என்னிடம் நீட்டினார். கட்டிவிட்டால் நான் நல்லவன். காளையின் கை போனால் அதுவும் அவனுடைய கவனக்குறைவு என்று போய்விடும். அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ துண்டு தானாக என்னிடம் வரும். கட்டாவிட்டால் எந்த நாளும் வராது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் கட்டல."

பெண்டுகள் பக்கமிருந்து சோலையம்மாள் "அய்யோ" என்றது கேட்டது. அம்பலம் எழுந்துவிட்டார். "என்ன பேசுறேன்னு தெரிஞ்சு பேசுறியா தவசி? மறுத்தா ஆயுசுக்கும் துண்டு ஒனக்குக் கெடையாது."

"தெரியும்."

"காரணம் சொல்லு. ஊருக்குச் சொல்லணும். என்ன கொறை கண்ட அவருகிட்ட?"

ஆனையூர்ப் பெரியவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து காதைக் கொடுத்தார். சீனியம்மாள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். புத்தி என்ற ஒரு சொல் போதும், அந்த ஜமுக்காளம் காலியாகிவிடும். நல்லகாமன் நீட்டின கை நீட்டினபடியே, விளங்காமல் என்னைப் பார்த்தான்.

"அவருகிட்ட ஒரு கொறையும் இல்ல" என்றேன். "எனக்குப் பொறாமை. பன்னெண்டு வருசமா அவரு மேல நிக்கிறதையும் நான் கீழ கெடக்கிறதையும் என்னால சகிக்க முடியல. எனக்குக் கெடைக்காட்டியும் சரி, அவரு நிக்கக் கூடாது. அதான் கட்டல."

ஒருவர் கூடச் சந்தேகப்படவில்லை. வேறு என்ன காரணம் சொல்லியிருந்தாலும் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். இதைச் சொன்னதும் "அப்படிச் சொல்லு", "நமக்குத் தெரிஞ்சதுதான" என்று சலசலத்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். ஆனையூர்ப் பெரியவர் எழுந்துபோய் நல்லகாமனின் தோளைத் தொட்டு, "இதுக்கெல்லாம் மனசு தளராதீக சம்பந்தி" என்றார். சம்பந்தி என்று அவர் வாயிலிருந்து வந்தது அப்போதுதான் முதல் தடவை.

துண்டு காளைக்குப் போனது. இருபத்தைந்து வயசுப் பயல்! இடது சக்கரத்துக்கு அவன் சித்தப்பன் மகன் வந்தான். தேர் அந்த வருஷம் தட்டுத் தடுமாறி, பொழுது சாயும்போதுதான் நிலைக்கு வந்தது. ஆனால் யார் கைக்கும் ஒரு கீறல் இல்லை. வழி நெடுக, "நல்லகாமன் இருந்திருந்தா இந்நேரம் நெலைக்கு வந்திருக்கும்" என்று என் காதுபடப் பேசினார்கள். நான் சக்கரத்தடியில் குனிந்து கட்டை போட்டுக்கொண்டே, மேலே நின்ற காளையைப் பார்த்தேன். அவன் நன்றாகத்தான் வீசினான். அதையும் என்னால் சகிக்க முடியவில்லை.

வீட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் நடந்ததையெல்லாம் சோலையம்மாளிடம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். "செஞ்சது பத்தாதுன்னு இப்ப எங்கண்ணனுக்குக் கிறுக்குப் பட்டம் வேற கட்டுறீகளா?" என்று எழுந்து போய்விட்டாள்.

வைகாசியில் சீனியம்மாளுக்குக் கல்யாணம். சோலையம்மாள் மூன்று நாள் முன்னாலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். முகூர்த்தத்தன்று நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். நல்லகாமன் என்னை ஏமாற்றியவன்தான், ஆனாலும் நான் அவன் மானத்தைக் காப்பாற்றினேன். ஊர் என்ன நினைத்தாலும் அவனுக்குத் தெரியுமே. ஒரு பார்வை பார்த்தால் போதும், கையைக் கூட அழுத்த வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

"நில்லு. ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன் தவசி?"

மாப்ள என்று கூப்பிடவில்லை. நான் அவன் முழங்கையைப் பிடித்து வாழைமரத்து ஓரமாக நகர்த்தினேன். "மச்சான், அன்னைக்கு மத்தியானம் தேர்முட்டில வச்சுப் பேசினோமே. முட்டி வலின்னு சொல்றதா…"

"என்ன முட்டி? யாருக்கு வலி?"

"என் தோளப் பாத்து வீசுறதாச் சொன்னீகளே மச்சான். அழுதீகளே."

"நான் அழுதேனா? ஒங்கிட்டயா?" அவன் கண்ணை அருகில் பார்த்தேன். நடிப்பு இல்லை, மறைப்பு இல்லை. காப்புக் கட்டு அன்று சிரித்த அதே முகம். அன்றும் அவன் என்னை ஏமாற்றவில்லை, மறந்துதான் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முன்னால் நான் சொன்ன சொல்லை மட்டும் வருகிறவர் போகிறவர் எல்லோரும் தினமும் அவனிடம் சொல்லிச் சொல்லி நினைவில் நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு எட்டில் ஆனையூர்ப் பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நாதசுரம் மாறியது.

"ஒண்ணுமில்ல மச்சான்" என்றேன். "பொறாமைதான். மன்னிச்சிருங்க."

"போயிரு. எம் மக கழுத்துல தாலி ஏறுற நேரத்துல ஒன் கண்ணு படக் கூடாது."

திரும்பி நடந்தேன். கண்மாய்க் கரை ஏறும்போது கெட்டிமேளம் கேட்டது. நின்று, அது முடிகிற வரை கேட்டுவிட்டுப் போனேன். அப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. அவன் மறந்துவிட்டான். எனக்குத்தான் ஒன்று விடாமல் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.